போயிட்டு வரேன், பதிவு செய்யப்பட்டது

உறையூர் இன்பவல்லி தன் கடையின் பெயரைத் தன் வாயால் சொல்ல முடியாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தே காலுக்கு.

"வழிச்சோறுதாங்க பேசறோம். எந்த பஸ்ஸுக்கு வேணும்?" என்று வாடிக்கையாளர் ஒருவரிடம் கேட்டாள்.

"எந்தக் கடைம்மா? டிங்குன்னு கேக்குதே" என்றார் அவர்.

மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் அவருக்கு டிங் என்றே கேட்டது. நான்காவது தடவை அவர், "நான் கோயில் நம்பருக்குப் போட்டுட்டேன் போலருக்கு" என்று பக்தியோடு வைத்துவிட்டார்.

விஷயம் இதுதான். அப்போது எல்லார் காதிலும் செவிமணி இருந்தது. மிளகு அளவு இருக்கும். தலைக்கு மேலே பறக்கும் வண்டிகளின் இரைச்சலில் மனிதர்கள் செவிடாகிவிடக் கூடாது என்று அரசாங்கம் கொடுத்தது. அது எதைக் கேட்க விடுகிறதோ அதுதான் காதில் விழும். போகப் போக அதுவே வீட்டுச் சாவி, பஸ் டிக்கெட் எல்லாம் ஆகிவிட்டது. கழற்றினால் வாசல் கதவுகூடத் திறக்காது. எல்லார் காதும் கைக்குள் வந்த பிறகு அரசாங்கம் சும்மா இருக்குமா? பெயர்க் காப்பகம் என்று ஒன்றைத் திறந்தார்கள். அங்கே பதிவான வியாபாரப் பெயரை உரிமையாளர் தவிர வேறு யார் சொன்னாலும், கேட்பவர் காதில் டிங் என்று மட்டும் விழும். போலிச் சரக்கு விற்பவன் வாயை அடைக்க, நல்ல எண்ணத்தோடு செய்த ஏற்பாடு. நம்மைப் பாடாய்ப் படுத்துவதெல்லாம் நல்ல எண்ணத்தோடு செய்தவைதான்.

இன்பவல்லி இரண்டு வருஷமாக ஆன்லைனில் ஆர்டர் எடுத்து, வெளியூர் போகிறவர்களுக்குப் பொட்டலம் கட்டி, மத்திய பேருந்து நிலையத்தில் ஜன்னல் வழியாக நீட்டிக்கொண்டிருந்தாள். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, மாங்காய்த் துண்டு வைத்த தயிர்சாதம். வாழை இலையில் வைத்து நாரால் கட்டுவாள். வழிச்சோறு என்று அவள் வைத்த பெயர் ஊரில் பிடித்துக்கொண்டது. பதிவு செய்யத்தான் தோன்றவில்லை. அன்று காலை பத்தே காலுக்கு மெகா கவளம் என்ற பெரிய நிறுவனம் அதைத் தன் பெயரில் பதிந்துகொண்டது.

இரண்டு நாள் அவள் அடுப்பு மூட்டவில்லை. முப்பத்தெட்டு வயதில் முதல்முதலாகத் தனக்கென்று ஒன்று வைத்திருந்தாள், அதையும் பிடுங்கிக்கொண்டார்கள் என்று அழுதாள். மூன்றாம் நாள் எழுந்து தலை முடிந்துகொண்டு கணவன் தில்லைநாதனிடம் சொன்னாள்.

"இனிமே நான் வைக்கிற பேரை எவனும் தொடக் கூடாது. இன்னிக்கே பதியறோம்."

"என்ன பேரு வைக்கப் போற?"

அதை அவள் யோசித்தே வைத்திருந்தாள். பஸ் ஜன்னலில் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு எல்லாரும் அவளிடம் ஒரே ஒரு வார்த்தைதான் சொல்வார்கள். அவள் யாரோ, அவர்கள் யாரோ. ஆனாலும் சொல்வார்கள்.

"போயிட்டு வரேன். அதான் பேரு."

தில்லைநாதனுக்கும் பிடித்துப்போனது. அவன் குடிநீர் வாரியத்தில் வேலை பார்ப்பவன். பங்குனி வெயிலிலும் ஸ்வெட்டர் எடுத்துப் போகிற ஜாதி. கேட்டால், "எதுக்கும் இருக்கட்டும்" என்பான். இந்த உலகத்தில் அவன் நம்பிய தத்துவம் அது ஒன்றுதான்.

காப்பகத்தில் எல்லா முடிவையும் எடுப்பது ஒரு பொறி. பதிவர் என்று பெயர். அதற்கும் மக்களுக்கும் நடுவே மனித ஜென்மமாக ஒரே ஒருத்தி, ரெஜினா என்ற இருபத்தாறு வயதுப் பெண். விண்ணப்பத்தை விரித்து வைத்தாள். நாற்பத்தாறு வகைகள், நாற்பத்தாறு கட்டங்கள்.

"உங்களுக்கு உணவு வகை ஒண்ணு போதும்க்கா. அதுல மட்டும் டிக் போடுங்க."

"மத்ததுல போட்டா தனியா விண்ணப்பம் வேணுமாம்மா?" என்று எட்டிப் பார்த்தான் தில்லைநாதன்.

"இல்ல சார், இதே விண்ணப்பம்தான்."

"அப்ப எல்லாத்துலயும் போட்டுரு வல்லி. போன தடவை சந்து விட்டோம், புகுந்துட்டான். எதுக்கும் இருக்கட்டும்."

டிராக்டர் உதிரிபாகத்தில் போட்டாள். செயற்கைப் பல்லில் போட்டாள். கடைசிக் கட்டத்தில் 'அன்றாடப் பேச்சு' என்று எழுதியிருந்தது.

"இது என்னம்மா?"

"போன வருஷம் சேர்த்தாங்க. எதுக்குன்னு எனக்கே தெரியாதுக்கா. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல."

அதிலும் போட்டாள்.

பதிவர் தன் கடமையை ஒழுங்காகத்தான் செய்தது. இந்தப் பெயரில் வேறு கடை உண்டா என்று பார்த்தது, இல்லை. புளியோதரையை வர்ணிக்கும் சொல்லா என்று பார்த்தது, அதுவும் இல்லை. ஆட்சேபம் இருந்தால் ஏழு நாளுக்குள் சொல்லுங்கள் என்று காப்பக இதழில் வெளியிட்டது. தமிழ்நாட்டில் ஒரு ஜீவன்கூட அந்த இதழைத் திறக்கவில்லை. எட்டாம் நாள் வெள்ளிக்கிழமை, 'போயிட்டு வரேன்' இன்பவல்லிக்கே சொந்தமானது.

அன்றைக்குப் பார்த்து தில்லைநாதனின் தாய்மாமன் கோதண்டபாணியும் அவர் மனைவி செங்கமலமும் கரூரிலிருந்து வந்திருந்தார்கள். வல்லி ஜெயித்துவிட்டாள் என்று வடை பாயசத்தோடு விருந்து. நாலு மணிக்கு மாமா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார்.

"சரி வல்லி, அப்ப நாங்க டிங்."

"என்ன மாமா?"

"டிங்னு சொன்னேன்மா."

அத்தை அவரைத் தள்ளிவிட்டு முன்னால் வந்தாள். "இவருக்குப் பல்லு சரியில்ல. நாங்க டிங்."

இன்பவல்லி தில்லைநாதன் முகத்தைப் பார்த்தாள். அவன் கூரையைப் பார்த்தான்.

மாமா விடவில்லை. வரேன் என்றார், டிங். வரட்டுமா என்றார், கிளம்பறோம் என்றார், எல்லாம் டிங். விடைபெறும்போது சொன்னால், ஒத்த ஒலி, ஒத்த பொருள் உள்ள சொற்களையும் சேர்த்துக் காப்பது பதிவரின் வழக்கம். அதன் வலையில் சிக்காமல் மிஞ்சியது ஒரே சொல்தான்.

"சரி, அப்ப போறேன்" என்றார் மாமா.

அத்தை அவர் பையைப் பிடித்து இழுத்தாள். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா போறேன்னு சொல்லிட்டுப் படி இறங்குவீங்களா? போறேன்னு போனவங்க திரும்பி வந்த கதை உண்டா? உள்ள வாங்க."

"வேணும்னா எழுதிக் காட்டிட்டுப் போங்க மாமா" என்றான் தில்லைநாதன்.

"சீட்டு எழுதி வச்சிட்டுக் கிளம்பறது நம்ம குடும்பத்துல நல்லதுக்கு நடந்ததில்லடா."

"ஒண்ணும் சொல்லாமப் போனா?"

"சொல்லாமக் கொள்ளாமப் போறதுக்கு நாம என்ன சண்டையா போட்டோம்?" என்று பையை இறக்கி வைத்துவிட்டு, "ராத்திரிக்கு என்ன டிபன்?" என்று கேட்டார் மாமா.

சனிக்கிழமை காலையில் தமிழ்நாடு நின்றது. நின்றது என்றால், வாசலில் நின்றது. செருப்புப் போட்டுக்கொண்டு, பையை மாட்டிக்கொண்டு, வாயைத் திறந்தால் மணியோசை. வீட்டில் இருக்கிறவளுக்கு டிங் என்று கேட்க, அவள் "அய்யய்யோ, சொல்லாமப் போறாரே" என்று பதற, அவர் மறுபடி உள்ளே வர, இப்படியே மதியமாகிவிடும். மதியமானால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று தோன்றும். சாப்பிட்டவன் எங்கே போவான்?

தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் வெள்ளிக்கிழமைக் கல்யாணத்துக்கு வந்தவர்கள் கிளம்பவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்தையும் அவர்களே இருந்து நடத்திக் கொடுத்தார்கள், அட்சதை போட்டார்கள், பாயசத்தில் ஏலக்காய் தூக்கல் என்று குறையும் சொன்னார்கள். மதுரையில் பல் பிடுங்கிக்கொண்டவர் டாக்டரிடம் சொல்லிக்கொள்ள முடியாமல் மூன்று நாள் அந்த நாற்காலியிலேயே இருந்தார். செய்தி வாசிக்கும் பெண்மணி கடைசி வரிக்குப் பிறகு எழுந்திருக்கத் தெரியாமல் திரையில் சிரித்துக்கொண்டே இருந்தாள். நாட்டின் தலைநகரிலிருந்து அதிகாரிகள் கேட்டார்கள், சும்மா எழுந்து போக வேண்டியதுதானே என்று. நம் ஆட்கள் அவர்களைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

அந்தச் சொல்லைச் சொல்ல முடிந்தவள் நாட்டிலேயே இன்பவல்லி ஒருத்திதான். எதிர்வீட்டு வங்கி மேலாளர் வந்து, தனக்குப் பதிலாகத் தன் மனைவியிடம் சொல்லிவிடும்படி கெஞ்சினார். போய்ச் சொன்னாள். அந்த அம்மாள் யோசித்தாள்.

"சொன்னது நீங்க. அப்ப திரும்பி வரவேண்டியதும் நீங்கதானே? இவருக்கு என்ன உத்தரவாதம்?"

மேலாளர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

திட்டும் வந்தது. "பேரு வைக்க வேற வார்த்தையா கிடைக்கல?" என்று ஊரே கேட்டது. செங்கமலம் அத்தை அதையே அன்போடு, தினம் இரண்டு வேளை, சட்னி கேட்கும்போது கேட்டாள். வீட்டில் இரண்டு கிலோ உளுந்து தீர்ந்திருந்தது. இன்பவல்லிக்கு ஒரு பக்கம் சிரிப்பு, ஒரு பக்கம் குற்ற உணர்ச்சி. ஆனால் பெயரை விட்டுக்கொடுக்க மட்டும் மனசு வரவில்லை.

ஐந்தாம் நாள் செவ்வாய்க்கிழமை ஒரே ஓர் ஆர்டர் வந்தது. வெறிச்சோடிக் கிடந்த பேருந்து நிலையத்தில் ஒரு பஸ், அதில் ஒரே பயணி, சேலத்துக்குப் போகும் ஒரு நர்ஸ் பெண். பொட்டலத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பழக்க தோஷத்தில் வாயைத் திறந்தாள்.

"போயிட்டு வரேன்க்கா."

இன்பவல்லிக்குத் தெளிவாகக் கேட்டது. மணி இல்லை, ஒன்றும் இல்லை. ஐந்து நாளாக ஒரு மனித வாயிலிருந்து கேட்காத வார்த்தை. பஸ் போன பிறகும் அவள் அங்கேயே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு காப்பகத்துக்கு ஓடினாள்.

ரெஜினா வழக்கம்போல் வேலைக்கு வந்திருந்தாள்.

"நீ எப்படிம்மா கிளம்பி வந்த?"

"ஹாஸ்டல்க்கா. சொல்லிட்டு வர அங்க யாரு இருக்கா?" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, நடந்ததைக் கேட்டு விதிகளைப் புரட்டினாள். "ஆமாக்கா, இருக்கு. உங்க பொருள் கையில இருந்தா உங்க பேரைச் சொல்லலாம். இல்லேன்னா சோப்பு வாங்கினவன் எந்த சோப்பு வாங்கினேன்னு வீட்டுல சொல்ல முடியாதுல்ல?"

"அப்ப என் பொட்டலம் கையில இருந்தா எல்லாரும் கிளம்பலாம்."

"கிளம்பலாம். ஆனா ஏழு கோடிப் பொட்டலம் நீங்க ஒருத்தியா கட்டுவீங்களா? பேசாம பேரை ரத்து செஞ்சிருங்களேன்."

"செஞ்சா?"

ரெஜினா திரையைத் திருப்பிக் காட்டினாள். அதே பெயருக்கு இன்னொரு விண்ணப்பம், ஏழு நாள் ஆட்சேபக் கெடுவும் தாண்டி, வரிசையில் காத்திருந்தது. மெகா கவளம். நாற்பத்தாறு வகைகளிலும் டிக்.

"நீங்க ரத்து செய்யற அதே நொடியில, ஒரு கட்டத்தை மட்டும் எடுத்தாலும், அவங்களுக்குப் போயிடும்க்கா. அப்புறம் நம்ம ஊர்ல ஒருத்தர் வீட்டை விட்டு இறங்கணும்னா அவங்க சந்தாதாரரா இருக்கணும். திட்டமே போட்டு வச்சிருக்காங்க. குழந்தைகளுக்கு மட்டும் மாசத்துல நாலு தடவை இலவசம்."

"நடுவுல யாராச்சும் மனுஷங்க பாத்து, இது கூடாதுன்னு நிறுத்த முடியாதா?"

"மனுஷங்க நான் ஒருத்திதான். எனக்கு அதிகாரம் கிடையாது, ஸ்டேப்ளர்தான் கொடுத்திருக்காங்க."

வீடு திரும்பும் வழியெல்லாம் இன்பவல்லி கணக்குப் போட்டுப் பார்த்தாள். வைத்திருந்தால் ஊர் முடங்குகிறது. விட்டால் ஊரே மெகா கவளத்தின் வாசலில் நிற்கும். அவள் ஆசையாக வைத்த பெயர் திரிசங்கு சொர்க்கமாகத் தொங்கியது.

பொட்டலத்தின் மகிமை எப்படியோ பரவி, மூன்று மணிக்குள் மூன்று லட்சம் ஆர்டர் வந்துவிட்டது. அவளால் முக்கி முக்கி இருநூறுதான் முடியும். தில்லைநாதன் நார் கிழிக்க, மாமா இலை துடைக்க, அத்தை மேற்பார்வை பார்க்க, இருநூறையும் பிரசவத்துக்குப் போகிறவர்கள், பரீட்சைக்குப் போகிறவர்கள் என்று பார்த்துக் கொடுத்தார்கள். உங்களுக்கு ஒன்று எடுத்து வைக்கவா என்று மாமாவிடம் கேட்டாள்.

"அவசரம் உள்ளவங்க மொதல்ல போகட்டும்மா. நமக்கென்ன, சாப்பாடு நல்லாத்தானே இருக்கு" என்றார் அவர் பெருந்தன்மையாக.

மறுநாள் காலை, லாட்ஜில் தனியாகத் தங்கியிருந்த மெகா கவளத்தின் மண்டல மேலாளர் வந்தார். பிரதாபன் என்று பெயர். சட்டை கசங்காமல் சிரிக்கத் தெரிந்தவர்.

"மேடம், பேர் உங்ககிட்டயே இருக்கட்டும். எங்களுக்கு உற்பத்தி அனுமதி மட்டும் கொடுங்க. ஒரு நாளைக்கு ஒரு கோடிப் பொட்டலம் இறக்கறோம்."

"உள்ள என்ன வைப்பீங்க?"

"உள்ளயா?" பிரதாபன் இந்தக் கேள்விக்குத் தயாராக வரவில்லை. "உள்ள ஒண்ணும் வேணாமே மேடம். கையில பொட்டலம் இருந்தா மிஷின் விட்டுரும். மடிச்ச அட்டை போதும். எடையும் இருக்காது, கெட்டும் போகாது."

இன்பவல்லி அவரை வெளியே போகச் சொல்ல வாயெடுத்தாள். ஆனால் வாசலில் பொட்டலத்துக்காக அக்கம்பக்கத்தார் எட்டு பேர் பையோடு நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோசித்துச் சொல்வதாகச் சொன்னாள்.

பிரதாபன் வாசலிலேயே உட்கார்ந்தார். அவருக்கும் சொல்லிக்கொண்டு போக வழியில்லை.

இந்த நேரத்தில் அடுக்களையில் அத்தை ஒரு காரியம் செய்தாள். கொத்தமல்லி தீர்ந்துவிட்டது. புருஷனை அனுப்பி வாங்கி வரச் செய்ய வேண்டும். இரண்டு வடையை இலையில் வைத்து, தானே நாரால் இறுக்கிக் கட்டி அவர் கையில் திணித்தாள்.

"இப்ப சொல்லுங்க."

"டிங்" என்று கேட்டது எல்லாருக்கும்.

"இது என்ன அநியாயம்? அவ கட்டினா பொட்டலம், நான் கட்டினா இல்லையா? நாப்பத்தோரு வருஷமா இந்த மனுஷன் எங்க கிளம்பினாலும் நான்தானே கட்டிக் குடுக்கறேன். மில்லுக்குப் போனப்போ எலுமிச்சஞ்சாதம். எங்க அப்பா செத்ததுக்கு இவர் முன்னால போனப்போகூட அழுதுகிட்டே நாலு இட்லி. உன் மிஷினுக்கு அதெல்லாம் தெரியுமா?"

"மிஷினுக்கு எப்படி அத்தை தெரியும்..." என்று ஆரம்பித்த இன்பவல்லி அப்படியே நின்றுவிட்டாள். பிறகு அத்தையின் இரண்டு கன்னத்தையும் பிடித்துக் கிள்ளினாள். அத்தைக்கு வெட்கமாகிவிட்டது.

ரெஜினாவை அழைத்தாள். "ஏம்மா, உற்பத்தி அனுமதின்னா ஒருத்தருக்குத்தான் குடுக்கணுமா? எல்லாருக்கும் குடுக்கலாமா?"

"பொது அனுமதின்னு ஒண்ணு இருக்குக்கா. ஆனா தரக் குறிப்பு எழுதணும். இந்தப் பேர்ல வர்ற பொருள் எப்படி இருக்கணும்னு. அதுக்கு ஒத்து வந்தா யாரு வேணா செய்யலாம். ஒத்து வரலேன்னா பதிவர் உள்ளயே விடாது."

"யார் கட்டினாங்க, யாருக்குக் கட்டினாங்கன்னு அதுக்குத் தெரியுமா?"

"எல்லார் காதுலயும் அதுதானே உக்காந்திருக்கு. வீட்டுல யாரு இருக்கா, யாரு கிளம்பறா, அடுக்களையில என்ன உருளுதுன்னு எல்லாம் தெரியும்."

படிவம் திரையில் வந்தது. தில்லைநாதன் தோள் வழியாக எட்டிப் பார்த்தான். "எவ்வளவு இடம் விட்டிருக்கான் பாரு. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு பத்து நிபந்தனை..."

"நீங்க சித்த பேசாம இருங்க."

ஒரே வரிதான் எழுதினாள். 'வெளியே கிளம்புகிறவருக்காக, அந்த வீட்டில் இருக்கிறவர், தன் கையால் கட்டிக் கொடுத்த உணவு.'

பதிவர் ஏழு வினாடி யோசித்தது. ஏற்றுக்கொண்டது.

புதன்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அத்தை மறுபடி அந்த வடைப் பொட்டலத்தை மாமா கையில் வைத்தாள். மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"போயிட்டு வரேன்."

கேட்டது. மில் சங்கு மாதிரி தெளிவாகக் கேட்டது. அத்தை மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "போயிட்டு வாங்க. கொத்தமல்லி பழுப்பில்லாமப் பாத்து வாங்குங்க" என்றாள்.

அதன் பிறகு தமிழ்நாடு கிளம்பிய அழகைப் பார்க்க வேண்டுமே. வாசல் வாசலாக, தெருத் தெருவாக, கையில் ஒரு பொட்டலத்தோடு ஜனங்கள் இறங்கினார்கள். ஒருவர் கையில் நேற்றைய சப்பாத்தி, ஒருவர் கையில் வேகாத உப்புமா, அவசரத்துக்கு ஒரு வாழைப்பழத்தைக் காகிதத்தில் சுற்றியவர்களும் உண்டு. மாத்திரை டப்பாவைக் கட்டிக் கொடுத்த வீட்டில் மட்டும் டிங் என்றது. உணவில்லையாம். தஞ்சாவூர் மண்டபத்தில் மூன்றாவது கல்யாணத்துப் பெண்ணின் அப்பா நானூறு பேருக்கும் தன் கையாலேயே லட்டு கட்டிக் கொடுத்தார், கொடுக்கும்போது சிரித்துக்கொண்டே கொடுத்தார். ஐந்து நாள் குடியிருந்த மண்டபத்தைப் பதிவர் வீடாகவே ஏற்றுக்கொண்டது.

மெகா கவளம் சும்மா இருக்கவில்லை. ஆலையிலிருந்து ஒரு லட்சம் அட்டைப் பொட்டலத்தை அவசரமாக இறக்கிப் பார்த்தது. ஒரு லட்சமும் டிங். அந்த ஆலையில் யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லையே. பிரதாபனுக்கு இன்பவல்லியே ஒரு கரண்டி தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். மனுஷன் வாங்கிக்கொண்டு தலை குனிந்து, போயிட்டு வரேன் என்றார். வர வேண்டாம் என்று அவளுக்கு நாக்கு நுனி வரை வந்தது. பழக்கம் விடவில்லை, போயிட்டு வாங்க என்றுதான் சொன்னாள். சாயங்காலம் மாமாவும் அத்தையும் ஆளுக்கொரு பொட்டலத்தோடு கரூர் பஸ் ஏறினார்கள்.

வல்லி நாட்டின் செல்லப் பிள்ளையாகிவிட்டாள். பெயர் அவள் பெயரிலேயே இருந்தது. யாராலும் தொட முடியாது. இரண்டு நாள் அவள் தரையில் நடக்கவில்லை, பாடிக்கொண்டே பாத்திரம் தேய்த்தாள்.

மூன்றாம் நாள், சனிக்கிழமை, பேருந்து நிலையத்துக்கு எடுத்துப்போன பதினெட்டுப் பொட்டலமும் அப்படியே திரும்பி வந்தன. ஒவ்வொரு ஜன்னலிலும் மடியில் ஒரு வீட்டுப் பொட்டலம் இருந்தது. ஆர்டரைத் திறந்து பார்த்தாள், ஒன்றுகூட இல்லை. ஊரெல்லாம் கட்டிக் கொடுக்க ஆரம்பித்த பிறகு இவளிடம் யார் கேட்கப் போகிறார்கள்?

திங்கட்கிழமை காலையில் பதிவரிடமிருந்து அறிவிப்பு வந்தது. தில்லைநாதன் சத்தமாக வாசித்தான்.

"தங்கள் தயாரிப்பு, தாங்கள் அளித்த தரக் குறிப்புக்கு ஒத்துவரவில்லை. பேருந்துப் பயணிகளின் வீட்டில் இருப்பவர் தாங்கள் அல்ல. எனவே அவர்களுக்குத் தாங்கள் கட்டும் உணவு போலிச் சரக்கு ஆகும். இப்பெயரைத் தங்கள் வியாபாரத்துக்குப் பயன்படுத்தத் தடை விதிக்கப்படுகிறது. தரம் தவறிய உரிமையாளர் என்பதால், பெயரை உச்சரிக்கும் தங்களின் தனி உரிமையும் நிறுத்தி வைக்கப்படுகிறது." காகிதம் இருந்திருந்தால் கிழித்திருப்பான். "உன் பேரை நீயே திருடிட்டேன்னு சொல்றான் வல்லி."

இன்பவல்லி முதலில் சிரித்தாள். தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எந்த இடத்தில் சிரிப்பு அழுகையாக மாறியது என்று அவளுக்கே தெரியவில்லை. அவள் ஆசைப்பட்டது ஒரே ஒரு பெயர். இப்போது அது எல்லார் வாயிலும் இருக்கிறது, பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே இருக்கிறது, அவளுக்கு மட்டும் இல்லை.

"எழுதின வரியை மாத்திடலாமா?" என்றான் தில்லைநாதன்.

"மாத்தினா அந்த அட்டைப் பொட்டலம் உள்ள வந்துரும்." மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "இருக்கட்டும் விடுங்க. தப்பா ஒண்ணும் எழுதிடலையே. இன்னொரு பேரு வச்சுக்கறேன். ரெஜினாவைப் போய்ப் பாக்கறேன்."

"நானும் கூட வரணுமா? கட்டம் போடறதுக்கு..."

"வேணாம். ஒரு கட்டத்துல மட்டும் டிக் போட எனக்குத் தெரியும்."

முகம் கழுவி, சேலை மாற்றி, வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினாள்.

"போயிட்டு வரேங்க."

தில்லைநாதன் முகம் மாறியது. "வல்லி, டிங்குன்னு கேட்டுது."

அவள் செருப்பைக் கழற்றப் போனாள். பிறகு அவன், "ஒரு நிமிஷம் இரு" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனான்.

ஒரு நிமிஷம் கால் மணியாயிற்று. டப்பாக்கள் திறந்து மூடும் சத்தம். ஏதோ ஒன்று உருண்டு விழுந்தது. "பருப்புப்பொடி எதுல இருக்கு?" என்று கேட்டான், "சொல்லாதே, நானே பாத்துக்கறேன்" என்று அவனே சொல்லிக்கொண்டான். கடைசியில் வெளியே வந்தான். சட்டையில் நெய். கையில் ஒரு பொட்டலம், ஒரு பக்கம் இலை கிழிந்து சோறு எட்டிப் பார்க்க, அதை மறைக்க நாரைப் பன்னிரண்டு சுற்றுச் சுற்றியிருந்தான்.

இன்பவல்லி அதை இரண்டு கையாலும் வாங்கினாள். சூடாக இருந்தது. கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம். எத்தனையோ ஆயிரம் பேருக்குக் கட்டிக் கொடுத்தாயிற்று. தனக்கென்று ஒருவர் கட்டிக் கொடுத்து அவள் எங்கேயும் கிளம்பியதில்லை. அது இல்லாமல் இருந்தது என்றுகூட இதுவரை அவளுக்குத் தோன்றியதில்லை.

"போயிட்டு வரேன்" என்றாள்.

"கேட்டுது" என்றான் அவன். "போயிட்டு வா."

பஸ்ஸில் உட்கார்ந்ததும் பொறுக்க முடியாமல் பிரித்தாள். உப்பு இரண்டு தடவை போட்டிருந்தான். நெய் முழங்கை வரை வழிந்தது. ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டு முடித்து நிமிர்ந்தபோது, காப்பகம் தாண்டி மூன்று நிறுத்தம் ஆகியிருந்தது.